மேலதிக நீர்

அண்மையில் இரத்தோட்டையில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்கு ஒரு வகுப்பு வைத்தார்கள். ஓய்வு பெற்று வீட்டில் இருந்த என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். தலைப்பு, ஊற்று நீரைப் போத்தலில் அடைக்கும் இடங்களின் சுகாதாரமும் பாதுகாப்பும். நான் அரை ஆயுளைத் தொலைத்த விஷயம் என்பதால் மறுக்க மனம் வரவில்லை.

மண்டபத்தில் ஒவ்வொருவருக்கும் முன்னால் ஒரு போத்தல் தண்ணீர் வைத்திருந்தார்கள். எனக்கு முன்னாலும் ஒன்று. லேபலைப் பார்த்ததும் வாய் கசந்தது. எல்கடுவப் பக்கத்து மலையில் அடைக்கிற தண்ணீர். 'மனிதக் கை படாத மலையூற்று' என்று மூன்று மொழிகளிலும் அச்சடித்திருந்தார்கள். நான் பேசிப் பேசித் தொண்டை வறண்டதும், மண்டபத்துக்கு வெளியே இருந்த குழாயில் ஒரு கிளாஸ் பிடித்து வரச் சொல்லிக் குடித்தேன். முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை அதைக் கவனித்துவிட்டாள்.

"சேர், அந்தப் போத்தல் தண்ணியில ஏதும் பிழை இருக்கா?"

"இல்லை. இந்த மாவட்டத்தில் அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது."

"அப்ப ஏன் சேர் குடிக்கல்ல?"

நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லித் தப்பித்தேன். அந்தப் பிள்ளைக்குச் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் அப்பாவும் அம்மாவும் வடக்கிலிருந்து உத்தியோகத்துக்காக மாத்தளைக்கு வந்தவர்கள். நான் இங்கேயே பிறந்தவன். வீட்டில் 'எண்டு', கடைத்தெருவில் 'ன்னு', காரியாலயத்தில் சிங்களம் என்று மூன்று நாக்கோடு வளர்ந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நிறையப் படித்தோம், பாதியை மறந்தோம். வேலை பிடிபட்டது வில்கமுவவில்தான்.

அங்கே கிணற்று நீர் மாதிரிகளை எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்து மாத்தளைக்கு அனுப்ப வேண்டும். ஐஸ் இருக்கும் நாளில் பஸ் வராது, பஸ் வரும் நாளில் ஐஸ் இருக்காது. ஒருநாள் பஸ் வராமல் போகவே, நெல் மூட்டை ஏற்றிய டிராக்டரில் ஏறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஆய்வுகூடத்தில் இருந்த பெரியவர் பெட்டியைத் திறந்து வெப்பமானியை விட்டுப் பார்த்தார். "மாதிரி கொண்டுவரச் சொன்னால் சூப் கொண்டு வந்திருக்கிறீர்" என்று மூடித் தந்தார். குளிர் விட்டுப்போன மாதிரியில் கிருமி தானாகப் பெருகும், அதன் முடிவை நம்ப முடியாது. திட்டாமல் சொன்னதால் நன்றாகவே உறைத்தது. அதற்குப் பிறகு நான் எடுத்த மாதிரி எதையும் யாரும் திருப்பித் தந்ததில்லை.

பிறகு மாத்தளைக்கு மாற்றம் கிடைத்தது. அங்கேதான் சுகாதார வைத்திய அதிகாரியாக இருந்த டொக்டரின் கீழ் வேலை செய்தேன். பெயர் வேண்டாம், டொக்டர் என்றே சொல்கிறேன். அவரும் வடக்கைச் சேர்ந்தவர். சத்தம் போட்டு ஒருநாளும் பேசமாட்டார். எந்த அறிக்கையையும் கை கழுவிய பிறகுதான் தொடுவார். மேசையில் ஒரு சிவப்புப் பேனையும், பள்ளிப் பிள்ளைகள் வைத்திருப்பது போல ஒரு மர அடிமட்டமும் இருக்கும். நாங்கள் எழுதியதில் ஆதாரமில்லாத வரி எதுவும் கண்ணில் பட்டால் அடிமட்டத்தை வைத்து நேராக ஒரு கோடு இழுப்பார்.

குழாயில் மாதிரி எடுப்பதை எனக்கு ஒழுங்காகப் பழக்கியவர் அவர்தான். முதலில் குழாயின் வாயை ஸ்பிரிட்டால் துடைத்து நெருப்புக் காட்ட வேண்டும். பிறகு தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஓட விட வேண்டும். போத்தலின் மூடியைத் திறந்தால் கீழே வைக்கக் கூடாது, சுண்டுவிரலுக்கும் உள்ளங்கைக்கும் இடையில் வாய் கீழ்ப்பக்கமாக இருக்கும்படி பிடித்துக்கொள்ள வேண்டும். போத்தலைக் கழுத்து வரை நிரப்பக் கூடாது. "ஆய்வுகூடத்தில குலுக்கிறதுக்குக் காத்து வேணும், தம்பி. விளங்குதோ?" என்பார். நான் செய்யும்போது பக்கத்தில் நின்று என் சுண்டுவிரலையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த மனிதர் மேல் எனக்கு இருந்த மரியாதை பெரியது. பின்னால் வந்த ஆத்திரமும் அதனாலேயே பெரியதாயிற்று.

எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் போத்தல் தொழிற்சாலை வந்தது அந்தக் காலத்தில்தான். மலையின் மேல் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம். அதற்குப் பக்கவாட்டில், சற்றுத் தள்ளி, பாறை இடுக்கில் ஊற்று. கீழே தொழிற்சாலை. தொழிற்சாலை வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்த ஊற்றிலிருந்து ஓர் இரும்புக் குழாய் லயத்தின் கீழ்ப்பக்க வாசலுக்கு ஓடியது. அந்தக் குழாய் வந்து விழும் இடத்தைத்தான் தோட்டத்து மக்கள் பீலி என்பார்கள். குடிப்பது, குளிப்பது, துவைப்பது, சண்டை பிடிப்பது, சமாதானமாவது எல்லாம் அந்தப் பீலியில்தான்.

கம்பனிக்காரர்கள் ஊற்றைச் சுற்றிச் சீமெந்துத் தொட்டி கட்டி, இரும்பு மூடி போட்டுப் பூட்டினார்கள். அடிப்பக்கத்துக் குழாய் தொழிற்சாலைக்குப் போனது. தொட்டி நிறைந்த பிறகு மேல்பக்கத்து வாயால் வழிவது பீலிக்குப் போனது. மழைக்காலத்தில் தொட்டி எப்போதும் வழிந்துகொண்டே இருந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அனுமதிக்காகத் தந்த வரைபடத்தில் பீலி என்ற சொல்லே இல்லை. அந்தக் குழாயின் பக்கத்தில் 'மேலதிக நீர்' என்று எழுதியிருந்தார்கள். நானும் அதைப் பார்த்தேன், டொக்டரும் பார்த்தார். குழாய் சரியான இடத்தில் இருந்தது, வாயில் பூச்சி புகாத வலை இருந்தது. ஒரு சொல்லுக்காக யார் வரைபடத்தைத் திருப்பி அனுப்புவார்கள்?

உள்ளே எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. போத்தல் நிரப்பும் அறைக்குள் போகுமுன் சப்பாத்தை மாற்ற வேண்டும், தலைமுடியை மூட வேண்டும், வளையல் மோதிரம் கழற்ற வேண்டும். நிரப்பிய போத்தல்கள் ஓடும் பட்டியில் வரிசையாக வந்து ஒரு வெளிச்சப் பெட்டிக்கு முன்னால் கடக்கும். ஒரு பக்கம் வெள்ளைப் பலகை, மறுபக்கம் கறுப்புப் பலகை. அங்கே உட்கார்ந்து தூசி, துரும்பு பார்ப்பவள் பரமேஸ்வரி. மேல் லயத்துப் பெண். கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவளைக் கண் கூர்மை என்று இந்த வேலைக்கு எடுத்திருந்தார்கள். சந்தேகம் வந்தால் போத்தலை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே சாய்த்து, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பாள்.

இயற்கை ஊற்று நீர் என்று பதிந்த தண்ணீருக்கு மருந்து போடக் கூடாது, வேறு தண்ணீரை ஒரு சொட்டும் கலக்கக் கூடாது. வடிகட்டி, பிறகு ஊதாக்கதிர் விளக்கு, அவ்வளவுதான். ஊற்று சுத்தமாக இருந்தால்தான் போத்தல் சுத்தமாக இருக்கும். அதனால் ஊற்றுக்கு மேலேயும் சுற்றிலும் அசுத்தம் எதுவும் இருக்கக் கூடாது என்பது முதல் விதி.

ஒரு கோடையில், மழை நெடுநாள் பொய்த்திருந்த சமயம், தொழிற்சாலைப் போத்தல்களில் எடுத்த மாதிரியில் மலக்கிருமி இருப்பதாக முடிவு வந்தது. மீண்டும் எடுத்தேன். மீண்டும் வந்தது. பொருள் வெளியே போகத் தடை போட்டோம். கொழும்பிலிருந்து வந்திருந்த மனேஜர் மிகவும் மரியாதையானவர், கோபமே வராது. மேலே லயத்தைக் காட்டினார்.

"அங்கே கக்கூஸ் குழிகள் எல்லாம் ஒழுகுது மிஸ்டர். அதுதான் ஊற்றுக்குள் இறங்குது. லயத்தை அங்கிருந்து எடுக்கச் சொல்லி நீங்கள் எழுத வேண்டும். சந்தேகமென்றால் சாயம் போட்டுப் பாருங்கள்."

சாயச் சோதனையைக் கேட்டது அவர்தான். இதை நான் மறக்கவே மாட்டேன்.

பச்சையாக மின்னும் ஒரு பொடி இருக்கிறது. தண்ணீரில் கரைத்துக் கக்கூஸ் குழிகளில் ஊற்றிவிட்டு ஊற்றைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஊற்றில் பச்சை தெரிந்தால் அசுத்தம் அங்கிருந்துதான் வருகிறது. நான் வாளியோடு லயத்துக்குப் போனபோது சனம் திரண்டு நின்றது. ஊற்றிலே அசுத்தம் என்று முடிவானால் லயத்தைப் பெயர்ப்பார்கள், பீலியை மூடுவார்கள் என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது. ஒருவர்கூடத் தடுக்கவில்லை. பரமேஸ்வரி மட்டும் கேட்டாள்.

"ஐயா, பச்சை வந்துச்சுன்னா நாங்க எங்கங்க போறது?"

"வரட்டும் பார்ப்போம், தங்கச்சி" என்றேன்.

மறுநாள் காலை ஊற்றுத் தொட்டியின் மூடியைத் திறந்தேன். அடியில் கிடந்த கூழாங்கல்லைக்கூடக் காண முடிந்தது. பச்சையின் சாயல்கூட இல்லை. போத்தலில் பிடித்து வெள்ளைத் தாளுக்கு முன்னால் வைத்தும் பார்த்தேன். இல்லை. மனேஜருக்குச் சொல்லக் கீழே இறங்கினேன். அவர் நிரப்பும் அறையின் கண்ணாடிக்கு வெளியே நின்றார். பொருள் வெளியே போகத்தான் தடை, இயந்திரத்தை ஓட்டத் தடையில்லை. கொஞ்சமும் யோசனையில்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பட்டி நின்றது.

"ஐயா, இங்க வாங்க! தண்ணி பச்ச பூத்து வருதுங்க!"

பரமேஸ்வரி பட்டியை நிறுத்திவிட்டு எழுந்து நின்றாள். வெள்ளைப் பலகைக்கு முன்னால் வரிசையாக நின்ற போத்தல்களில் இளம் பச்சை நிறம் தெரிந்தது.

"லைட்டில் ஏதோ கோளாறு" என்றார் மனேஜர்.

"லைட்டு நல்லாத்தாங்க இருக்கு சார். எங்க கக்கூசு ஊத்துல இல்லீங்க. ஒங்க போத்தல்லதான் இருக்கு."

பக்கத்தில் மூடி போட்டுக்கொண்டிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அரசாங்க உத்தியோகத்தன் சிரிக்கக் கூடாத இடம்தான், ஆனாலும் அடக்க முடியவில்லை.

பச்சை வந்த வழியைக் கண்டுபிடிப்பது கடினமாக இருக்கவில்லை. லயத்துக் கக்கூஸ் தண்ணீர் ஊற்றுப் பக்கம் போகாமல் மறுபக்கத்து ஓடையில் இறங்கியது. ஓடை தொழிற்சாலையின் பின்பக்கமாக ஓடியது. அங்கே மானாப் புல்லுக்குள் ஒரு பம்பு. கோடையில் ஊற்று சுருங்கித் தொட்டியில் தண்ணீர் இறங்கத் தொடங்கினால் அந்தப் பம்பு தானாகவே ஓடை நீரை இழுத்துத் தொழிற்சாலைக்குள் இருந்த வேறொரு தொட்டியை நிரப்பும். ஊற்றிலிருந்து குறைவாக எடுத்ததால்தான் பீலியும் அதுவரை நிற்காமல் வழிந்தது. மலையூற்று என்று எழுதி ஓடைத் தண்ணீரை விற்றிருக்கிறார்கள். லயத்தை மாட்டிவிடும் அவசரத்தில் மனேஜருக்குத் தன் பம்பு ஞாபகம் வரவில்லை. கக்கூசிலிருந்து ஊற்றுக்கு ஒரு வழி இருக்கும் என்று நினைத்தவருக்கு, கக்கூசிலிருந்து தன் தொட்டிக்கு இருந்த வழி தெரியாமல் போயிற்று.

டொக்டர் அன்றே வந்தார். பம்பைப் பார்த்தார், போத்தல்களைப் பார்த்தார், கையைக் கழுவிவிட்டுத் தொழிற்சாலையை மூடும் கட்டளையில் கையெழுத்து வைத்தார். அதற்குப் பிறகு அவருக்கு எங்கெங்கிருந்தோ தொலைபேசி வந்தது. எல்லாருக்கும் ஒரே குரலில், "அது ஏலாது" என்று சொல்லி வைத்துவிட்டார். களஞ்சியத்தில் இருந்த சரக்கை எங்கள் கண்முன்னே உடைத்துக் கொட்ட வைத்தார். இதையும் சொல்லாவிட்டால் நான் நியாயமானவன் இல்லை.

அறிக்கை எழுதியது நான். ஓடைப் பம்பையும் குழாயையும் அடியோடு கழற்ற வேண்டும். ஊற்றைச் சுற்றி வேலி போட வேண்டும். ஆடு மாடு, மனிதர் யாரும் உள்ளே போகக் கூடாது. இவையெல்லாம் விதியில் உள்ளவை. கடைசியாக ஒரு பந்தி சேர்த்தேன். லயத்து மக்கள் குடிக்கும் பீலி இதே ஊற்றை நம்பியிருப்பதால், கோடையிலும் அவர்களுக்கு முதலில் தண்ணீர் போகும்படி தொட்டியின் அடிப்பக்கத்திலிருந்து தனிக்குழாய் வைக்க வேண்டும் என்று. ஓடைப் பம்பு போனால் கம்பனிக்குக் கோடையில் தண்ணீர் போதாது, போதாவிட்டால் கை எங்கே நீளும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

டொக்டர் கடைசிப் பந்தியில் நின்றார். அடிமட்டத்தை எடுத்தார்.

"உது எந்த விதியில இருக்கு, தம்பி?"

"விதியில இல்லை, சேர். ஆனா கோடையில அவங்கள் பீலித் தண்ணியையும் எடுத்துப்போடுவாங்கள். சனம் அந்த ஓடைக்குத்தான் போக வேணும். கக்கூஸ் தண்ணி ஓடுற ஓடை எண்டு நாங்களே சோதிச்சு எழுதியிருக்கிறம்."

"அது தோட்ட நிர்வாகத்தின்ர வேலை. நாங்கள் போத்தலுக்குத்தான் பொறுப்பு. இதை விட்டால், விதிக்கு வெளியால எழுதினதெண்டு சொல்லி வழக்குப் போட்டு முழு அறிக்கையையும் கோர்ட்டில உடைப்பாங்கள். உம்மட பச்சைத் தண்ணியும் சேர்ந்து போகும்."

"அப்ப சனம், சேர்?"

அவர் வரைபடத்தை என் பக்கம் திருப்பி, அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தார். மேலதிக நீர். பிறகு என் பந்தியில் ஒவ்வொரு வரியிலும் அடிமட்டத்தை வைத்துக் கோடு இழுத்தார். அவசரப்படவே இல்லை. அவர் சட்டப்படி சொன்னது பிழையென்று இன்றுவரை என்னால் காட்ட முடியவில்லை. என் அறிக்கையில் மிஞ்சிய வரிகளிலும் பிழையில்லை. நாங்கள் இருவரும் சரியாக வேலை செய்தோம். அதை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கம்பனி நாங்கள் சொன்னதையெல்லாம் செய்தது. பம்பைக் கழற்றியது, உயரமான வேலி போட்டது. தொழிற்சாலை மீண்டும் திறந்தது. அடுத்த கோடையில், ஊற்று சுருங்கியதும், தொட்டியின் மேல்வாய்க்கு எட்டாமல் தண்ணீர் முழுவதும் கீழே இறங்கியது. யாரும் எதையும் மூடவில்லை, யாரும் எதையும் திருடவில்லை. வழிவதற்கு ஒன்றுமில்லை, அவ்வளவுதான். பீலி நின்றது.

நான் போனபோது குழாயின் கீழே குடங்கள் வரிசையாகக் காய்ந்து கிடந்தன. பெண்கள் ஓடையிலிருந்து தண்ணீர் தூக்கி வந்துகொண்டிருந்தார்கள். பரமேஸ்வரி குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

"கம்பெனியில போயி கேட்டோங்க ஐயா. பீலித் தண்ணி மேலதிகந்தான், படத்துலயே அப்பிடித்தான் போட்டிருக்குன்னு சொல்றாங்க. மேலதிகம்னா என்னங்க?"

"தேவைக்கு மிஞ்சினது, தங்கச்சி."

"யாரு தேவைக்குங்க?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஊற்றை முதலில் கண்டவர்களின் பேத்தி அவள். தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னேன். பரிசோதகன் எங்கேயும் சொல்லக்கூடிய வசனம் அது ஒன்றுதானே.

சும்மா இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். தோட்ட நிர்வாகத்துக்கு எழுதினேன். ஊற்று இருக்கும் நிலம் கம்பனிக்குக் குத்தகை என்றார்கள். நீர் வழங்குகிறவர்களுக்கு எழுதினேன். தோட்டம் அவர்கள் எல்லைக்குள் இல்லை என்றார்கள். பாவனையாளர் உரிமையைப் பார்க்கும் காரியாலயத்துக்கும் போய்ப் பார்த்தேன். போத்தலை வாங்குகிறவர்தான் பாவனையாளர், குடத்தில் பிடிக்கிறவர் இல்லை என்றார்கள். காரியாலயத்தில் என்னைப் பீலி ஐயா என்ற பொருளில், சிங்களத்தில் 'பீலி மாத்தயா' என்று கேலி செய்யத் தொடங்கினார்கள். டொக்டர் மட்டும் கேலி செய்யவில்லை. ஓய்வு பெற்றுப் போகும் நாளில், மேசையைத் துடைத்துவிட்டு, அந்த அடிமட்டத்தை எனக்குத் தந்தார். வாங்கிக்கொண்டேன். வீட்டில் எங்கோ கிடக்கிறது, நான் அதால் ஒரு கோடும் இழுத்ததில்லை.

அதன் பிறகு அந்தத் தொழிற்சாலையை நானே பலமுறை பரிசோதித்தேன். ஒரு குறையும் கிடையாது. வயிற்றோட்டம் என்று லயத்துப் பிள்ளைகள் கோடை தோறும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அது வேறு கோப்பு, வேறு மேசை.

இரத்தோட்டை வகுப்பு முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மனம் பொறுக்காமல் எல்கடுவப் பக்கம் பஸ் ஏறினேன். மழை இல்லாத மாதம், பீலி காய்ந்து கிடந்தது. லயத்துக்கு ஏறும்போதே மூச்சு வாங்கியது. பரமேஸ்வரி இன்னும் அதே வெளிச்சப் பெட்டியின் முன்னால்தான் வேலை செய்கிறாள். அன்று லீவு. என்னைக் கண்டதும், "ஐயா, நடந்தா வந்தீங்க? ஒக்காருங்க, ஒக்காருங்க" என்று உட்காரும் மர வாங்கைத் துடைத்துப் போட்டாள்.

"கம்பெனியில தண்ணி குடிக்கத் தருவாங்களா?" என்று கேட்டேன்.

"உள்ளுக்கு எவ்வளவும் குடிக்கலாங்க. வெளிய கொண்டாரத்தான் விட மாட்டாங்க. கேட்டுல பேக்கைத் தொறந்து பாப்பாங்க."

நான் கேட்காமலே, "கொதிக்க வச்ச தண்ணிதாங்க" என்று சொல்லிக்கொண்டு ஒரு கிளாஸை எடுத்தாள். பானையிலிருந்து ஊற்றினாள். என்னிடம் நீட்டப்போனவள் நின்றாள். வாசல் பக்கம் திரும்பி, கிளாஸை வெளிச்சத்துக்கு நேரே உயர்த்தி, சாய்த்து, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். தண்ணீரை வெளியே வீசினாள். கிளாஸை அலசி மறுபடியும் ஊற்றினாள், மறுபடியும் வெளிச்சத்தில் பிடித்தாள். அதையும் வீசினாள். மூன்றாம் தரமும் ஊற்றிப் பார்த்தாள்.

"இதுக்கு மேல தெளியாதுங்க, ஐயா" என்று சொல்லி என் கையில் தந்தாள்.

நான் வாங்கிக் குடித்தேன்.